அண்ணி வளர்த்த ராணி

கோடை மழை விட்ட ஒரு சாயங்காலம். முடிச்சூர் வீட்டுப் பால்கனியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பூச்சியை அடிக்க நான் விளக்குமாற்றை ஓங்கியபோது, "அடிக்காதம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். தன் கணவரைப் பிரிந்து எங்களோடு வந்து தங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வேலை. காலையில் போவார், சாயங்காலம் வருவார், தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு அறை வீட்டில் ஒன்று அவருடையதாகிப் போனதில் எனக்குள் ஒரு கசப்பு இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

அண்ணி ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்தார். சாதாரணக் கட்டெறும்பைவிட நன்றாகப் பெரிய கறுப்பு எறும்பு.

"ஈசல்தானே அண்ணி?"

"ஈசலுக்கு ஏது இடுப்பு? இதுக்குப் பாரு, நூல் மாதிரி இருக்கு."

போனில் படங்களைத் தேடி இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். புடைத்த மார்பு, அதன் மேல் இறகுகள் உதிர்ந்த வடு. ஓர் இறகு மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்காலால் அதையும் நெட்டித் தள்ளியது. "ராணிதான். இனிமே பறக்காது, குடித்தனம் பண்ண இடம் தேடுது" என்றார் அண்ணி.

மறுநாள் வேலையிடத்தில் கேட்டு ஒரு சோதனைக் குழாய் வாங்கி வந்தார். அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயிலும் கொஞ்சம் பஞ்சு. கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்தார். சாப்பாடு வைக்கவில்லையே என்று கேட்டேன். "வேணாம்மா. இறகை அசைச்ச சதை உள்ளயே கரைஞ்சு, அதுலயே மொதல் குஞ்சுங்கள வளத்துடுமாம். நாம தொந்தரவு பண்ணக்கூடாது. பயந்துட்டா முட்டைய அதுவே தின்னுடும்." என் கணவர் சிரித்தார். "ஊரெல்லாம் எறும்புக்கு மருந்து போடுது, எங்கக்கா ரூம் போட்டுக் குடுத்துருக்கா!"

சில நாளில் ரவை போல முட்டைகள் தெரிந்தன. அப்போதுதான் குடியிருப்புச் சங்கம் பூச்சி மருந்து அடிக்க ஆள் அனுப்பியது. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. "மேடம், அலமாரி எல்லாம் தொறந்து வையுங்க, உள்ள அடிக்கணும்" என்று ஒருவர் முதுகில் மருந்து டப்பாவோடு வாசலில் நின்றார். அண்ணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. குழாயைத் துணியோடு கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். முடிச்சூர் சாலையின் பள்ளங்களில் ஷேர் ஆட்டோ தூக்கிப் போட்டபோதெல்லாம் பையை மடியிலிருந்து சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். தாம்பரத்தில் ரயில் ஏறினேன். இருக்கை கிடைத்தும் உட்காரவில்லை. நின்றால் ஆட்டம் குறைவு என்று தோன்றியது.

என்னைக் கண்டதும் அண்ணி கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். "தம்பிக்கு என்னாச்சு?"

"அவருக்கு ஒண்ணுமில்ல அண்ணி. வீட்ல மருந்தடிக்கிறாங்க" என்று குழாயைக் கொடுத்தேன்.

துணியை லேசாக விலக்கிப் பார்த்தார். முட்டைகளை ஒரே கொத்தாக வாயில் கவ்வியபடி ராணி அசையாமல் நின்றிருந்தது. ஒன்றையும் தின்னவில்லை. அண்ணி நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் வாழப்போன அந்த வீட்டுல என்னுதுன்னு ஒரு பொருள யாரும் பத்திரமா எடுத்து வெச்சதில்லம்மா" என்றவர், அழ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிரிவுக்கான காரணத்தை என் கணவரே கேட்கத் தயங்கியிருந்தார். நானும் கேட்கவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவராகவே எல்லாவற்றையும் சொன்னார்.

முட்டைகள் புழுவாகி, கூடாகி, கூட்டிலிருந்து வெளிறிய சின்னஞ்சிறு எறும்புகள் வந்தன. ஊசி முனையில் ஒரு துளி தேன் வைத்தோம். அதைக் குடித்த ஒரு குட்டி, தட்டுத்தடுமாறிப் போய்த் தாயின் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. மூச்சுக் காற்று பட்டுவிடக் கூடாதே என்று நானும் அண்ணியும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம்.

பிறகு அண்ணி குரோம்பேட்டையிலேயே தனியாக வீடு எடுத்துக்கொண்டார். எறும்புகள் பெருகி, குழாயிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மாறின. அவர் போன பிறகுதான் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டோம். ராணி பல வருடம் இருந்தது.

போன மார்கழியில் ஒரு காலை, தம்பியை அழைக்காமல் என்னை அழைத்தார். "போயிடுச்சும்மா." நான் போனபோது ராணி கால்களை மடக்கிக் கிடந்தது. பிள்ளைகளோ ஒன்றும் ஆகாதது போல அதைச் சுற்றி நின்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வேணாம். அதுங்களுக்குத் தெரியறப்போ அதுங்களே எடுத்து ஓரமா வைக்கட்டும்."

ராணி இல்லாத கூட்டில் புதிதாக எதுவும் பிறக்காது. இருப்பவை ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. போன வாரம் போயிருந்தபோது, அண்ணி வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் பஞ்சைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன்.

"எண்ணலம்மா," என்றார். "ஒண்ணு இருக்கற வரைக்கும் வைப்பேன்."