அவர் வருவதற்குமுன் ஒரு கவளம்

தையல்காரம்மாவுக்கு மனசு சரியில்லாவிட்டால் மெஷின்தான் பேசும், அவள் வாய் திறக்காது. அன்று சாயங்காலம் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காதில் விழுந்த பேச்சுதான் காரணம். மருமகள் தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உங்கப்பா வர்ற வரைக்கும் வயித்தைக் கட்டிக்கிட்டு என்னால உட்கார முடியாது. தனியா ஒரு வீடு பாருங்க."

குடும்பத் தலைவர் சாப்பிடும்வரை வீட்டுப் பெண்கள் தட்டில் கை வைக்கக் கூடாது. இது தையல்காரம்மாவின் மாமியார் போட்டுவிட்டுப் போன சட்டம். தலைவரோ லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று கடவுளுக்கே தெரியாது. தையல்காரம்மா உப்புப் பார்க்கிற சாக்கில் அடுப்படியிலேயே அரை வயிற்றை நிரப்பிக்கொள்ளப் பழகியிருந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்து வரும் மருமகளுக்கு அந்த வித்தை வரவில்லை.

இவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். மெஷினுக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு ஊர் வம்பெல்லாம் அளக்க வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் பிள்ளையும் "சாப்பாடு ரெடியா?" என்பதைத் தாண்டிப் பேசாத பிறவிகள்.

மருமகள் வந்து செருப்பைக் கழற்றியதும் மெஷின் நின்றது. தையல்காரம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"மாமா இன்னும் வரலையே அத்தை?"

"வரட்டும். நீ உட்காரு."

"நீங்களுமா?"

"ஏன், எனக்கு வயிறு இல்லையா?"

சொல்லிவிட்டாளே தவிர, கண் வாசலிலேயே இருந்தது. முதல் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் வாசல் கதவு திறந்தது. கிரீஸ் படிந்த சட்டையோடு மெக்கானிக் நின்றார். மருமகள் எழப்போனாள். தையல்காரம்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"பசிச்சுது, சாப்பிடுறோம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அப்பாடா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன அப்பாடா?"

"நான் தினமும் கேன்டீன்ல சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன்."

"அப்புறம் இங்க எதுக்கு இன்னொரு தட்டு?"

"நான் உட்காரலேன்னா நீ பட்டினி கிடப்பியே! அதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திணிச்சேன். இந்தத் தொப்பை நானா வளர்த்தது? நீ வளர்த்தது."

மருமகளுக்குப் புரையேறியது.

"அட மனுஷா! வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"நீ மட்டும் என்னைக்காவது பசிக்குதுன்னு சொன்னியா?"

தையல்காரம்மா மருமகளின் தலையைத் தட்டிவிட்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "தனியா வீடு பார்க்கிறதாக் கேள்வி."

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க ரெண்டு பேர் சண்டையைப் பார்க்காம நான் எங்க அத்தை போறது? வேண்டாம்னு உங்க பிள்ளைகிட்ட நானே சொல்லிடுறேன்."

"எனக்குத் தண்ணியாவது கிடைக்குமா?" என்றார் மெக்கானிக்.

"பானையில இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க" என்றாள் தையல்காரம்மா. "நாங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்."