மூன்றாம் சரணத்துச் சிரிப்பு

மூன்றாம் சரணத்துக்குச் சற்று முன்பு ஹோசியா கெய்ன்ஸ் காப்பிக் கரண்டியை மேசையில் நழுவ விடுகிறார். அது 'டங்'கென்று விழுகிறது. காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டிக்குள் ஒரு பெண் சிரிக்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும், வெர்னலின் உணவகத்தில், கெளுத்தி மீன் வறுவலுக்கும் சோள ரொட்டிக்கும் நடுவே இது நடக்கும்.

"அந்தக் கரண்டி என்ன பாவம் பண்ணுச்சு, பிரதர்?" என்பார் வெர்னல்.

"கை நழுவிருச்சு, சிஸ்டர்."

"வாரா வாரம் அதே எடத்துலயா?"

ஹோசியா மீனில் முள் எடுப்பதில் மும்முரமாகிவிடுவார்.

மெம்பிஸ் நகரின் தென்பகுதியில் முப்பத்தொரு கடைகளின் பாட்டுப்பெட்டிகளில் இசைத்தட்டு மாற்றுவது அவர் தொழில். சட்டைப்பையில் சின்னத் தூரிகை ஒன்று, ஊசியின் தூசியைத் தட்ட. தட்டை விளிம்பில் மட்டுமே தொடுவார். பிடிக்காத பாட்டுக்கு, "வெறும் வெந்நீர்" என்று ஒரே தீர்ப்பு. பிடித்த பாட்டுக்கு வாய் திறக்க மாட்டார், குதிகால் மட்டும் தரையைத் தட்டும். எந்தப் பெட்டியையும் 'ஏழு மணி பஸ்' என்ற பாட்டு இல்லாமல் பூட்டியதில்லை.

அந்தப் பாட்டுக்கு இதுவரை பதினேழு பிறவி. முதல் பிறவி ஐம்பத்தொன்றாம் வருஷம், ஒரு டயர் கடையின் பின்னறையில். பாடியவள் அவர் மனைவி ஒடெஸா, டிரம்ஸ் அவர். மூன்றாம் சரணத்தின் வாசலில் வியர்த்த கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. ஒடெஸா திரும்பிப் பார்த்தாள், சிரித்துவிட்டாள், சிரிப்போடே பாடி முடித்தாள். மறுபடி எடுக்க நேரமில்லை. தட்டு அப்படியே வெளிவந்து நாலைந்து தெருக்களில் ஓடியது.

இரண்டு வருஷம் கழித்து, வடக்கேயிருந்து ஒட்ட வெட்டிய முடியோடு நான்கு வெள்ளைக்காரப் பையன்கள் அதைப் பாடினார்கள். நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. சிரிப்பும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து, கூலிக்கு ஒரு பெண்ணைப் பிடித்துச் சிரிக்க வைத்தார்கள். பாட்டுப்பெட்டிகளில் இன்றும் ஓடுவது அந்தத் தட்டுதான். பிறகு இங்கிலாந்திலிருந்து முடி வளர்த்தவர்கள், டோக்கியோவிலிருந்து மூன்று சகோதரிகள், இன்னும் யார் யாரோ. எல்லோரும் அதே இடத்தில் சிரித்து வைத்தார்கள். ஒருவன் தொண்டையில் முள் சிக்கியவன்போலச் சிரித்திருக்கிறான். குச்சி விழுந்த சத்தத்தை மட்டும் ஒருவரும் சேர்க்கவில்லை. தட்டின் கீறல் என்று விட்டிருக்கலாம். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் பதினாறு சிரிப்பு!

ஒடெஸா இறந்துபோய் ஒன்பது வருஷமாகிறது. வீட்டிலிருந்த ஒரே தட்டை ஹோசியா தினமும் போட்டுக் கேட்டார். ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒருநாள் காலை, சிரிப்பு இருந்த இடத்தில் வெறும் கரகரப்பு. "நானே கேட்டுக் கேட்டுத் தேச்சுப்புட்டேன்" என்று ஒரே ஒருமுறை வெர்னலிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து போகும் கடையெல்லாம் ஒரே விசாரிப்பு: "பழைய தட்டு ஏதும் கெடக்கா? செவப்பு லேபிள், ஒடெஸான்னு பேர் போட்டிருக்கும்." இப்போதெல்லாம் மனைவியை நினைத்தால் அந்தக் கூலிப் பெண்ணின் சிரிப்புதான் அவர் காதில் வருகிறது. தனியாக இருப்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வெர்னல் அவரைப் பாட்டுப்பெட்டியைத் திறக்க விடவில்லை. மேசைமேல் பழைய கிராமபோன் ஒன்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு லேபிள் ஒட்டிய ஒரு தட்டு.

"சர்ச் ஏலத்துல, பாத்திரம் பண்டத்துக்கு அடியில கெடந்துச்சு. போடட்டுமா?"

"இருங்க, சிஸ்டர். கை கழுவிட்டு வந்துடுறேன்."

வர வெகு நேரமானது. தூரிகையால் தட்டைத் துடைத்தார், விளிம்பில் பிடித்து வைத்தார், உட்கார்ந்தார். வெர்னல் வழக்கம்போலக் காப்பி வைத்தார். அவரும் வழக்கம்போலக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

ஒடெஸா பாடினாள். அவள் கொஞ்சம் மூக்கால் பாடுவாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. குதிகால் தட்டவில்லை. இரண்டாம் சரணம் முடிந்தது. கரண்டி உயர்ந்தது.

தட்டுக்குள் ஒரு குச்சி விழுந்தது. ஒடெஸா சிரித்தாள், அடக்க மாட்டாமல், அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை விழுங்கிக்கொண்டு.

வெர்னல் மேசையைப் பார்த்தார். கரண்டி அங்கே இல்லை. ஹோசியா அதை இரண்டு கைகளாலும் மார்போடு இறுகப் பிடித்திருந்தார்.