சியூலுவானின் ஓட்டு

தைவானின் சின்ச்சூவில் கம்ப்யூட்டர் மதர்போர்டு செய்கிற எங்கள் கம்பெனியில் ஃபான் யூச்சினைத் தெரியாதவர் கிடையாது. சம்பளம், லீவு, இன்ஷூரன்ஸ் எதுவானாலும் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் கையெழுத்தைவிடப் பெயர் முத்திரைக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு தாளுக்கும் அசெம்பிளி லைனை விட்டு எழுந்து ஓடினால் வேலை என்னாவது? அதனால் எல்லோரும் முத்திரையை அவளிடமே கொடுத்து வைத்திருந்தோம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிற ஜனங்கள் நாங்கள்! அவளும் சும்மா சொல்லக் கூடாது, யாருக்கும் ஒரு குறை வைத்தவள் இல்லை. புருஷன் போன பிறகு ஒற்றை மகனைப் படிக்க வைத்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவள்.

அவளுக்கு உயிர்த் தோழி கூ சியூலுவான். சோதனைப் பிரிவில் வேலை. யூச்சின் வாயைத் திறக்க யோசிப்பாள். இவள் மூட யோசிப்பாள். மதியம் கேன்டீனில் இரண்டு பேருக்கும் ஒரே மேசை.

அந்த வசந்தத்தில், தாய்பேயின் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கப் போகிறது என்று அறிவித்தார்கள். "பெரிய இடத்துல வாக்கப்படறோம், போனஸ் ஏறும்" என்று லைனில் ஒரே குஷி. மேனேஜர் பெங் மட்டும் யூச்சினை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பங்குதாரர் கூட்டத்துல ஓட்டு இழுபறியா இருக்கு யூச்சின். போனஸா பங்கு வாங்கின நம்ம ஆளுங்க ஓட்டெல்லாம் வந்தாத்தான் கரை சேருவோம்."

"அதுக்கென்ன சார், வாங்கிடலாம். லைனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

பெங் ஜன்னல் பக்கம் பார்த்தார். "லைன் சீனாவுக்கு, சூச்சோவுக்குப் போகுது. உனக்கு வேலை இருக்கு, அத நான் பேசிட்டேன். ஆனா இது வெளிய கசிஞ்சா இப்பவே ஆள் ஓடிடும், வாங்கறவன் கைய உதறிட்டுப் போயிடுவான். மூச்சு விடாத."

மகன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. யூச்சின் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

எங்கள் நாட்டில் சின்னப் பங்குதாரர் யார் கூட்டத்துக்குப் போகிறார்? ஓட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி தருகிற சோப்பையோ துண்டையோ வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அந்த வருஷம் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம். யூச்சின் வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு லைன் லைனாகப் போனாள்.

"எனக்கு ரெண்டு குடுக்கா, மருமகளுக்கு ஒண்ணு" என்றாள் சியூலுவான்.

"ஒரு ஓட்டுக்கு ஒரு கிண்ணந்தான்டி. தாளைப் படிச்சுப் பாத்துட்டு..."

"படிச்சு நான் என்ன ஜட்ஜாவா ஆகப் போறேன்? முத்திரை ஒங்கிட்டதானே இருக்கு, நீயே குத்திக்கோ."

யூச்சின் மேசைக்குத் திரும்பிக் குத்தினாள். அடுத்த தாளை எடுத்தாள். குத்தினாள்.

அத்தோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் சியூலுவான் சாப்பாட்டுத் தட்டோடு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அக்கா, ரோட்டுக்கு அந்தாண்ட புதுசா கம்பெனி தொறந்திருக்கானே, அவன் என்னை வேலைக்குக் கூப்பிடறான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். போகட்டுமா? ஒனக்குத்தான் உள் விஷயமெல்லாம் தெரியும்."

போடி, இன்றைக்கே போ! வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. இவள் போனால் ஏன் என்று கேட்பார்கள்; இவள் வாய் சும்மா இருக்காது; நாலு பேர் பின்னால் போவார்கள்; பெங் தன்னைத்தான் பார்ப்பார். யூச்சின் மீன் உருண்டையை மென்று விழுங்கினாள்.

"இந்த வயசுல புது இடத்துல போய் நிக்கணுமா? பேசாம இரு."

"அதானே! நீ சொன்னா சரி." சியூலுவான் நிம்மதியாகச் சூப்பைக் குடித்தாள். பாவி, அவள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா என்று யூச்சினுக்கு ஆத்திரமே வந்தது. அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. இலையுதிர் காலத்தில் லைனை மூடுகிற அறிவிப்பு வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி எப்போதோ ஆள் எடுத்து முடித்திருந்தது.

மறுநாள் மதியம் யூச்சின் கேன்டீனுக்குள் வந்ததும் பேச்சு நின்றது. பேக்கிங் பிரிவு வென் எழுந்தான்.

"வாங்க மகராசி! கிண்ணத்தைக் குடுத்துக் கழுத்தை அறுத்துட்டீங்க. நீங்க மட்டும் இருக்கீங்களாமே, புது கம்பெனியில?"

"குத்த எங்க முத்திரைதான் கெடைச்சுதா?" என்று இன்னொரு குரல் வந்தது.

சியூலுவான் தட்டை டணாரென்று வைத்தாள். "யாருடா அவன், நாக்குல நரம்பில்லாம பேசறது? அக்காவுக்கு என்னடா தெரியும்? எனக்கு அந்தாண்ட வேலை வந்தப்ப, போகாதன்னு தடுத்ததே இவதான். தெரிஞ்சிருந்தா என்னைத் தடுப்பாளா? என் பேரன் மேல ஆணையா சொல்றேன், இவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

கேன்டீன் அடங்கிவிட்டது. வென் கூடத் தலையைக் குனிந்துகொண்டான். சியூலுவான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருக்கா. நாய் குரைச்சாக் குரைக்கட்டும், நீ சாப்பிடு."

யூச்சின் உட்காரவில்லை. பேரன் பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணிவிட்டாளே!

"எனக்குத் தெரியும் சியூலுவான். மொதல்லேந்தே தெரியும்."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் கடைசி மேசை வரை கேட்டுவிட்டது.

சியூலுவான் திட்டவில்லை, அழவில்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே போயிற்று.

"வேலை போனாப் போவுது" என்றாள். "இத்தனை பேரு முன்னாடி என்னைப் பேச விட்டுட்டு நின்னியேக்கா."