காமாலைக் கண்ணாடி

ஃப்யூர்த் நகரம் செய்து அனுப்பிய கண்ணாடியில்தான் அன்றைக்குப் பாதி ஐரோப்பா தன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டது. செய்த பெண்களின் வாயில் சிரிக்கப் பல் மிஞ்சுவதில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

பாபெட் பாவாடை கட்டத் தெரிந்த வயதிலேயே ரசம் பூசும் கூடத்துக்குப் போனவள். மேசைமேல் வெள்ளீயத் தாளை விரிக்க வேண்டும். ரோமம் அடர்ந்த முயல்காலால் சுருக்கம் போகத் தடவ வேண்டும். அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடிப் பலகையை ஒரே மூச்சில் தள்ள வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் காற்றுப் புகுந்து புள்ளி விழுந்துவிடும். ஆக, நடுங்காத கைக்குத்தான் அங்கே வேலை. நடுக்கத்தைக் கொடுப்பதும் அதே வேலைதான். பாதரச ஆவி உள்ளே போகப் போக ஈறு வீங்கும், எச்சில் ஒழுகும், பல் ஆடும், கடைசியில் கை ஆடும். அப்புறம் மேஸ்திரி ஸ்டூர்ம் கதவைக் காட்டுவான். அவள் புருஷன் கோன்ராட் அப்படி வீட்டுக்கு வந்தவன்தான். பீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான், பாதி சட்டைக்குப் போகும்.

பாபெட்டுக்கு மூன்று தடவை கரு உண்டாகி மூன்றும் கலைந்தது. மருத்துவச்சி கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "ரசக்காரி வயித்துல என்னடி தங்கும்? அழாதே, எழுந்து கஞ்சியக் குடி." அந்தத் தெருவில் இது எல்லார் வீட்டுக் கதை. ஆனாலும் பாபெட் தச்சன் வீட்டிலிருந்து ஒரு தொட்டிலை வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். ஒரு பிள்ளை, உயிரோடு ஒரே ஒரு பிள்ளை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றங்கரையில் ரூப்ரெக்ட் என்பவர் புதுப்பட்டறை போட்டார். பாதரசமே இல்லாத கண்ணாடி. படித்தவர்கள் அதைக் கண்டுபிடித்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது, ஊரில்தான் யாரும் தொடவில்லை.

"வெள்ளியை அமிலத்துல கரைக்கிறோம். கொஞ்சம் அம்மோனியா, கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரை சேர்ந்ததும் வெள்ளி தானா வெளிய வந்து கண்ணாடியில ஒட்டிக்கும்" என்றார்.

"சர்க்கரையா? காப்பிக்குப் போடுற சர்க்கரையாங்க?"

"அதே குடும்பம்தான். எடுத்து வாயில போட்டுடாதே, அப்புறம் என் கண்ணாடி கசக்கும்."

தன் கையிலும் நடுக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த பாபெட் அன்றைக்கே அங்கே சேர்ந்துவிட்டாள். அடுத்த வசந்தத்துக்குள் ஈறு வற்றியது. கரண்டி சூப் சிந்தாமல் வாய்க்கு வந்தது. அதைவிடப் பெரிய செய்தி, நான்காவது தடவையாக உண்டாகி, கரு நிலைத்தது. வயிற்றுக்குள் முதல் உதை விழுந்த அன்று அவள் பட்டறையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம்தான் அவளைக் கெடுத்தது.

கோன்ராடின் தங்கை லோனிக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் பக்கத்தில் பெண்ணின் சீரை வண்டியில் ஏற்றி, ஊரே பார்க்கத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். மெத்தை, அலமாரி, எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடி. அந்தக் கண்ணாடி தன் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று பாபெட்டுக்கு ஆசை. ரூப்ரெக்டிடம் கேட்டு, ஆளுயரத்தில் ஒன்றைச் செய்து, கல்யாண வீட்டில் ஊருக்கு முன்னால் பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

லோனி முன்னால் நின்று பார்த்தாள். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, என்ன இது? காமாலை வந்தவ மாதிரி இருக்கேன்."

"வெளிச்சம் சரியில்லடி. ஜன்னல் பக்கம் வா."

ஜன்னல் பக்கத்தில் பழைய பாதரசக் கண்ணாடி தொங்கியது. இரண்டையும் அருகருகே வைத்தார்கள். பழையதில் முகம் லேசாக நீலம் பாய்ந்து வெளுப்பாகத் தெரிந்தது. வெள்ளியில் மஞ்சள் சாயல். பிறந்ததிலிருந்து நீலத்தையே பார்த்த கண்களுக்கு அந்த நீலம்தான் நிஜ முகம். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் ரசம் பூசும் கூடத்துப் பெண்கள்தான். பல் போன வாயைக் கையால் மூடிக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள்.

"கல்யாணப் பொண்ணுக்கு யாராவது காமாலைக் கண்ணாடி குடுப்பாங்களா?" என்றாள் ஒருத்தி.

"இது ஆவி இல்லாதது. உன் பல்லை எது தின்னுச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்று பாபெட் சீறினாள்.

"தெரியும்டி. அதுக்காக மூஞ்சியையும் கெடுத்துக்கணுமா?"

பாபெட் திரும்பி இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தாள். பழையதில்தான் அவளும் அழகாக இருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வண்டியின் முன்னால் பாதரசக் கண்ணாடி பளபளவென்று போனது. காமாலைக் கண்ணாடி என்ற பெயர் அதற்கும் முன்னால் போனது. சந்தையில் ரூப்ரெக்டின் சரக்கைப் பார்த்த சீமாட்டிகள் தொடாமலே நகர்ந்தார்கள். இலை உதிரும் காலத்தில் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். போகும்போது பாபெட்டை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் அடுப்பு அணைந்தது. கோன்ராடின் கையை நம்பி உருளைக்கிழங்கு தோண்டக்கூட யாரும் கூப்பிடவில்லை. பாபெட் கிராமத்து உறவுக்காரர்களிடம் தங்க இடம் கேட்டுப் பார்த்தாள், துணி துவைக்கும் வேலை தேடிப் பார்த்தாள். மாசமான பெண்ணை யாரும் சேர்க்கவில்லை. கடைசியில் பழைய கூடத்தின் வாசலில் போய் நின்றாள். மேஸ்திரி விரட்டிவிட மாட்டானா என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"கையை நீட்டு" என்றான் ஸ்டூர்ம்.

நீட்டினாள். நடுங்க வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. சர்க்கரையும் வெள்ளியும் தேற்றிவிட்ட கை, மரக்கட்டைபோல அசையாமல் நின்றது.

"அட, புதுக்கை மாதிரில்ல இருக்கு. பெரிய பலகை மேசைக்குப் போ."

வயிற்றை அவன் பார்க்கவே இல்லை. பாபெட் முயல்காலைக் கையில் எடுத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது, அவள் பாதரசத்தை ஊற்றினாள்.

பனி விழத் தொடங்கிய வாரம் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு பழந்துணியில் சுற்றினாள். மூச்சு இருக்கிறதா பாருங்கள் என்று பாபெட் கெஞ்சவும், மூக்கருகே பிடிக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்தாள். கண்ணாடி மங்கவில்லை.