வேலியோரத்துப் பிள்ளையார் எறும்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எறும்பு என்றால் இராஜம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கொல்லையில் எது ஊர்ந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். ரம்புத்தான் மரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டுவது முசுறு, கிட்டே போனால் பிடுங்கி எடுத்துவிடும். ஒண்டியாகத் திரியும் பெரியது கட்டெறும்பு. அடுப்படிச் சிவப்புப் பொடிசை விரட்ட மஞ்சள்தூள் போதும். கடிக்காமல் கறுப்பாய் ஓடுகிறதே, அது பிள்ளையார் எறும்பு. அதை மிதித்தவன் இராஜம்மாவின் வாயிலிருந்து தப்ப முடியாது.

ஒரு வருஷம் அவள் புருஷன் சபாபதி பாதி ஆளாகிவிட்டார். ரயில் பட்டறையில் சம்மட்டி அடித்த உடம்பு! சட்டிச் சோறு தின்றும் பசி, குடம் தண்ணீர் குடித்தும் தாகம்.  அவரைத் தேற்றிக் கொடு என்று இராஜம்மா பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள்.

வேண்டிக்கொண்ட பத்தாம் நாள் காலையில் பார்த்தால், சபாபதி ஒன்றுக்கு ஒதுங்கும் வேலியோரம் கறுப்பு எறும்பு சாரை சாரையாக நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"சீதாலெட்சுமி அக்கா, ஓடியாங்க! பிள்ளையாரு நம்ம கொல்லைக்கே வந்துட்டாரு!"

பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சர்க்கரைப் பொங்கல், வெல்லம் தூக்கலாக. எறும்புக்கு ஒரு பிடி, மீதி அவருக்கு.

"போதும் புள்ள, திகட்டுது."

"பிரசாதங்க. வேணாம்னு சொல்லக்கூடாது."

மனுஷன் கொடுத்ததையெல்லாம் தின்றார். எறும்பும் நாளுக்கு நாள் பெருகியது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள், பாவி மகள்.

ஒரு மாதத்தில் சபாபதி பட்டறையிலேயே சுருண்டு விழுந்தார். ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டருக்கு உதவியாக வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் வாசு வெளியே வந்து கேட்டார்.

"அவரு ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு மொய்க்குதாம்மா?"

"ஆமாங்கய்யா, பிள்ளையார் எறும்பு! நெறைய!" என்று பெருமையாகச் சொன்னாள்.

"நீரிழிவும்மா இது. நீர்ல சர்க்கரை எறங்குது, அதுக்குத்தான் எறும்பு வருது. இனிப்பு வெஷம் மாதிரி. ஏதும் குடுத்தீங்களா?"



மூன்றாம் நாள் சபாபதி போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், சீதாலெட்சுமி ஒரு முறத்தோடு வந்தாள்.

"அரிசியில ஏறியிருக்கு. இது என்ன எறும்புன்னு பாரேன், இராஜம்மா."

இராஜம்மா முறத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு எறும்பு தெரியாதுக்கா."