கழனிப் பக்கம் திரும்பிய குழாய்

எந்தப் பாட்டை முதலில் வெளியிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டம். எங்கள் இசை நிறுவனத்தில் முப்பது வருடமாக அது என் வேலை. புதிதாகச் சேர்ந்த தம்பி பாட்டை ஓடவிட்டதும் ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று இருமியது. அவ்வளவுதான், பத்து வயதில் எங்கள் உறுவையாறு கிராமத்தில் நிற்கிறேன்.

சித்தப்பா மைக்செட் வைத்திருந்தார். ஒரு காதுகுத்து வீட்டு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ரெக்கார்டு மாற்ற என்னை உட்காரவைத்துவிட்டுப் பந்திக்குப் போனவர் ஊர்க்கதையில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கழனியில் நடவு. நாற்று நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா நிமிர்ந்து கத்தினாள்.

"ஏ பாப்பா, உள்ள எல்லாம் துன்னுகினு கீறாங்க, பாட்ட எவன் கேக்கறான்? கொழாய இப்பிடித் திருப்புடி!"

மரமேறித் திருப்பினேன். வேகமான பாட்டொன்றுக்கு நாற்று பறந்தது. அடுத்து சோகப்பாட்டு வந்ததும் கைகள் தொய்ந்தன. "மொதல்ல போட்டதையே போடுடி!" ரெக்கார்டு முள்ளைத் திரும்பத் திரும்ப அந்த வேகப்பாட்டிலேயே வைத்தேன்.

காதுகுத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாடி இது, வூட்டுக்கு எடுத்த செட்டு கழனிக்குப் பாடுது?"

பின்னாலேயே ஓடிவந்த சித்தப்பா குழாயைத் திருப்ப மரமேறப் போனார். வீட்டுக்காரர் கழனியைத் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய கழனி. சாயங்காலம் முடியவேண்டிய நடவு மத்தியானமே கடைசி வரப்பைத் தொட்டிருந்தது.

"நாளைக்கு மேலண்ட கழனி நடவுப்பா," என்றார் சித்தப்பாவிடம். "செட்டு இருக்கட்டும். பாப்பாவையும் அனுப்பு."

"மேடம், பாட்டு எப்படி?" என்றான் தம்பி.

குனிந்து பார்த்தேன். மேசைக்கடியில் என் வலது கை விறுவிறுவென்று நாற்று நட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான்," என்றேன்.