பூஜை நாளில் நின்றுபோன புகை மிஷின்

செவிலிமேட்டில் உங்கள் அத்தை வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகையில் நிற்கிற புகை மிஷினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பீரோ மாதிரி இருக்கும், கதவைத் திறந்தால் உள்ளே மீன் தொங்கும். அது ஒரு பகல் முழுக்க எங்களை உலுக்கி எடுத்த கதையை எழுதி வைக்கிறேன். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். உங்களுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும்.

மாமா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். முழங்கால் கெட்டுப் போய் ஊருக்குத் திரும்பிய பிறகு வருஷக் கணக்கில் வேலையில்லை. கடற்கரைப் பக்கம் மூடப்போகிற ஓட்டல் ஒன்றிலிருந்து இந்த மிஷினை வாங்கி வந்தார். அடியில் ஹீட்டர் காயில். அதன்மேல் ஒரு தட்டில் மாங்கட்டைச் சிராய். காயில் சூடானால் சிராய் கருகிப் புகையும். அந்தப் புகையிலும் சூட்டிலும் மீன் மெதுவாக வெந்து பொன் நிறத்துக்கு வரும். மிச்சப் புகை உச்சியில் இருக்கிற சின்னக் குழாய் வழியாக வெளியே போகும். அவ்வளவுதான் மிஷின். ஆனால் நம் ஊரில் புகையில் வெந்த மீனை யார் வாங்குவார்கள்? மாமா அலைந்து திரிந்து, சுங்குவார்சத்திரம் பக்கம் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் பேசி முடித்தார். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர், "முதல் தடவை சரியா வந்தா வாராவாரம் எடுத்துக்கிறேன், தவறினா மறுபடி இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த முதல் தடவை ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் நம் வீட்டில் அன்று காலையே பூஜை முடிந்திருந்தது. நான் ஒயரிங் வேலை செய்கிறவன். என் டெஸ்டர், மீட்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் உங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் மறுபடி கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அதனால் புத்தகத்தைத் தொடத் தேவையில்லை என்று நீங்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தீர்கள்.

பக்கத்து வீட்டு போனுக்கு அக்கா, அதாவது உங்கள் அத்தை, பேசினாள். குரலே சரியில்லை.

"தம்பி, மிஷினு உசிரே இல்லாம நிக்குதுடா. சுச்ச போட்டா லைட்டு கூட எரியல. மீனு பூரா உப்புத் தண்ணில ஊறிக்கினு இருக்குது. சாயங்காலம் மீன எடுக்க கார் வருது. நீ ஒடனே வாயேன்."

"இன்னிக்கா அக்கா?"

"இன்னிக்கி தான். நான் இன்னா பண்றது."

வீட்டுக்குள் வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சும்மா போய் பாத்துட்டு வாங்களேன்."

"டெஸ்டர் இல்லாம கரண்ட்ல இன்னா பாக்கறது? விரல வுட்டா?"

அவள் உள்ளே போய்க் கற்பூரம் கொண்டு வந்தாள். பூஜை முடிந்து வாசனை கூடப் போகவில்லை, மறுபடி ஏற்றிக் காட்டினாள். "நாளைக்குப் பண்ண வேண்டியத இன்னிக்கே பண்ணியாச்சு. எடுத்துக்கினு போங்க. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள். இதைப் பார்த்துவிட்டு உங்களில் பெரியவள் கதவோரம் நின்று அழ ஆரம்பித்தாள். அப்பா டெஸ்டரை எடுத்தால் தன்னையும் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்வார்களோ என்று அவளுக்குப் பயம். சைக்கிளுக்கும் அன்று பொட்டு வைத்திருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்பதற்குள் ஏறி மிதித்துவிட்டேன்.

செவிலிமேட்டில் அக்கா வாசலிலேயே நின்றாள். முன்னறையில் சாமி விளக்கு எரிந்தது. பின்பக்கக் கொட்டகையில் இரண்டு அலுமினியக் குண்டான் நிறையத் தாமல் ஏரி விரால் கிடந்தது. பூஜையன்று கவிச்சி வீட்டுக்குள் வரக்கூடாதென்று முன்னறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள். மிஷினுக்கும் பூஜை நடந்திருந்தது. கதவில் மூன்று பட்டை விபூதி, பக்கமெல்லாம் சந்தனப் பொட்டு, உச்சியில் மாவிலையும் சாமந்தியும் பூச்சாடியில் வைத்தது போல அழகாக.

"பூஜ நாளுல மீனு வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாரா உங்க மாமா? அதான் சாமி நிறுத்திடுச்சி" என்றாள் அக்கா.

மாமா ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "சாமி நிறுத்தணும்னா ஏரிலயே மீன நிறுத்தியிருக்கும். வண்டி ஏத்தி ஊடு வரைக்கும் வுட்டுட்டா நிறுத்தும்?"

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

வாக்குவாதம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மீன் கெட்டுவிட்டால் அதை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் மீன் சட்டி ஏறாது. ஐப்பசிப் புழுக்கம் வேறு. அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு குண்டான் கூட நுழையாது. ஆனால் மீன் போவது பெரிதில்லை. மாமா மறுபடி ஒரு முறை தோற்றுப்போனால் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார் என்பதுதான் அக்காவின் பயம். அதை அவள் சொல்லவில்லை. குண்டானைப் பார்க்கும்போதெல்லாம் அவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பல்பில் ஒயர் கட்டி சுவர் பிளக்கில் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் வீட்டுக் கரண்ட் சரி. மிஷின் பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன், ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு அந்தப் பிளக்கை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா அவசரத்தில் எதையும் செய்வாள். நான் கையை உள்ளே விட்டிருக்கும்போது யாராவது பிளக்கைச் சொருகிவிட்டால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். நீங்களும் கரண்ட் சாமான் எதைத் திறந்தாலும் பிளக்கை உருவி உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா, இத கழுவனீங்களா?"

"பூஜைக்கு கழுவாம? ட்யூப் போட்டு நல்லா அடிச்சி கழுவனோம்."

"உள்ள கூடவா?"

"காய வச்சிட்டோம்பா" என்றார் மாமா. "கதவ சாத்தி, ஃபுல் சூட்டுல கொஞ்ச நேரம் வெறுமனே ஓட வுட்டேன். அப்ப ஓடுச்சி. தானா நின்னுது. காஞ்சிடுச்சி போலன்னு பொட்டு வச்சி பூஜ போட்டுட்டோம்."

அவர் 'தானா நின்னுது' என்றதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், ஆனால் அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. இந்த மாதிரி மிஷினை நான் முன்னே பின்னே திறந்ததில்லை. பழைய வேட்டியால் துடைத்தேன், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஈரம் போகும் வரை தொட முடியாது. அக்கா வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வெயில் கொட்டகையின் கால் வரை வந்தது.

காய்ந்த பிறகு மீட்டரை எடுத்தேன். தறியில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று ஒரு முனையிலிருந்து விரலாலேயே தடவிப் போவார்கள் அல்லவா, அப்படித்தான் நானும் போனேன். பிளக்கிலிருந்து ஸ்விட்ச் வரை மீட்டர் 'பீ' என்று கத்தியது. ஸ்விட்சுக்கு அடுத்து ஒரு சின்ன வில்லை. அங்கே சத்தம் செத்துவிட்டது. கீசரில் அதே மாதிரி பார்த்திருக்கிறேன். சூடு மிஞ்சினால் தானாகக் கரண்டை வெட்டிவிடும் கட் ஆஃப் அது. வெட்டினால் அதன் நடுவில் இருக்கும் பொத்தானை நாம்தான் அமுக்கி மறுபடி சேர்க்க வேண்டும். பொத்தான் எங்கே? வில்லைக்கு நேரே தகட்டின் வெளிப்பக்கம் ஒரு ஓட்டை இருக்க வேண்டும். கழற்றிய தகட்டைத் திருப்பினேன். ஓட்டை இருந்த இடத்தில் சந்தனம் கல்லாட்டம் காய்ந்து, அதன்மேல் வட்டமாகக் குங்குமம். பொத்தானின் தலையிலும் அதே சந்தனம் அப்பியிருந்தது.

"மாமா, இங்க எதுக்கு பொட்டு வச்சீங்க?"

"செவப்பா ஒண்ணு எட்டிப் பாத்துக்கினு இருந்துச்சி. குங்குமத்துக்குன்னே இடம் வுட்டாப்பல. அதான் அங்கயும் ஒண்ணு."

அவ்வளவு பதற்றத்திலும் அக்கா சிரித்துவிட்டாள். "கப்பல்ல கூட இப்டி தான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சிக்கினு இருந்தாரோ இன்னாவோ."

பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிப் பொத்தானை அமுக்கினேன். 'டிக்' என்றது. தகட்டை இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்தி, பிளக்கைச் சொருகி ஸ்விட்ச் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா திரைப்புடவைக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். மாமா எழுந்து நொண்டியபடியே மீன்களைக் கொக்கியில் மாட்டினார், சிராயைத் தட்டில் பரப்பினார். கதவைச் சாத்தினோம். புகை வாசனை வந்தது. டீ போடலாம் என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு அணைந்துவிட்டது.

ஆறவிட்டு மறுபடி அமுக்கினேன். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது.

"அந்த வில்லைய தூக்கி எறி. ஒயர நேரா சேத்து வுட்டுடு" என்றாள் அக்கா.

"அது இல்லாம ஓட்டக் கூடாது."

"ஏன், ஊர்ல எல்லாரும் பீஸ் கட்டைல தடி கம்பிய போட்டுக்கினு தான இருக்காங்க? இன்னிக்கி ஒரு நாளு தாண்டா. மீனு அரை வேக்காட்டுல நிக்குது. இப்ப வுட்டா நாறிடும்."

"மேல பாரு அக்கா. கீத்துக் கூரை."

"நான் பக்கத்துலயே குந்திக்கினு பாத்துக்கறேன். தண்ணி பக்கெட் வச்சிக்கறேன். தம்பி, உன்ன நான் எதனா கேட்டிருக்கறனா?"

அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் கையில் ஒரு சாண் ஒயர் இருந்தது. அதன் இரண்டு முனையையும் எப்போது பல்லால் சீவினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வில்லை கெட்டுப்போயிருக்கலாம், சும்மாவே வெட்டலாம். அப்படியிருந்தால் நேராகச் சேர்ப்பதில் ஒன்றும் ஆகாது. கெட்டுப்போகாமல், நிஜமாகவே சூடு மிஞ்சி வெட்டுகிறது என்றால் கொட்டகை எரியும், ஒட்டினாற்போல் பக்கத்து வீடு. எது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிளக்கை உருவி, தகட்டை மறுபடி கழற்றினேன். ஒயரை வில்லையின் முனையருகே கொண்டுபோனேன், திரும்ப எடுத்தேன்.

அப்போது மாமா இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினின் கதவோரத்தையே பார்த்தார்.

"இரு இரு. புகை ஏன் கதவு சந்துல வருது? மேல வழியா தான வரணும்?"

மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். உச்சிக் குழாயில் மாவிலையும் சாமந்தியும் அசையாமல் இருந்தன. மேலே ஒரு துளி புகை இல்லை. பூச்சாடி மாதிரி இருக்கிறதென்று அக்கா காலையில் கழுவிய கையோடு அதற்குள் கொத்தாகச் சொருகியிருக்கிறாள். சூட்டுக்கும் புகைக்கும் வெளியே போக வழியில்லை. காலையில் காய வைக்கும்போதே அதனால்தான் நின்றிருக்கிறது.

"எடுத்துடு" என்றார் மாமா.

அக்கா நகரவில்லை. "பூஜைக்கு வச்சத அன்னிக்கே எடுப்பாங்களா?" என்றாள், பாதி தனக்குள்.

அவளே ஸ்டூல்மேல் ஏறி வெறுங்கையால் இழுத்தாள். சுட்டிருக்க வேண்டும், விரலை உதறினாள். வெந்து கறுத்த கொத்து வந்தது, அதன் பின்னாலேயே புகை குபுகுபுவென்று கிளம்பியது. அந்தக் கொத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துளசிச் செடியின் அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

கதவைத் திறந்து மிஷினை ஆறவிட்டேன். பிறகு தகட்டை மாட்டி, கதவைச் சாத்திப் பிளக்கைச் சொருகினேன். பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம், யாரும் டீ கேட்கவில்லை. முன்னே அணைந்த நேரம் தாண்டியது. அதற்கு மேலும் தாண்டியது. சீவிய ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

மீன் வேகும் முன்பே கார் வந்துவிட்டது. டிரைவர் அவசரப்பட்டார். அக்கா அவரை முன்னறையில் உட்கார வைத்துப் பொரியும் சுண்டலும் கொடுத்தாள். உள்ளே ஓடி வந்து, "போதும், குடுத்து அனுப்பிடலாம்யா" என்று மாமாவைக் கெஞ்சினாள். அவர் ஒரு மீனின் முதுகை விரலால் அமுக்கிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். "வேகலம்மா. வேகாதத குடுத்தா அது தான் கடைசி." அதற்குப் பிறகு டிரைவர் இரண்டு முறை வாசலில் போய் நின்று ஹாரன் அடித்தார். மாமா அசையவில்லை. கடைசியில் அவர் கதவைத் திறந்தபோது விரால்கள் பழைய பித்தளையின் நிறத்தில் தொங்கின.

வாழை இலையில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கும்போதுதான் அக்கா கேட்டாள். "உப்பு சரியா இருக்குதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூஜை நாள். மாமாவே அன்று வாயில் வைக்க மாட்டார். வேறு வழியில்லாமல் அக்கா ஒரு துண்டைப் பிய்த்து டிரைவரிடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போனார். "இன்னிக்கி வாணாம்மா. காலைல தான் வண்டிக்கு பூஜ போட்டுட்டு வரேன்."

யாரும் ருசி பார்க்காமலே மீன் போனது.

அந்த வாரம் முழுக்க மாமா சரியாகப் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். உப்பு கூடுதலா, குறைவா என்று ஒரே யோசனையாம். விடுதியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த வாரம் நான் முதுகுத் தகட்டின் மீதி ஸ்க்ரூக்களை முடுக்குவதற்காகப் போயிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. காலி அட்டைப்பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டி, "இந்த வாட்டி கொஞ்சம் சேத்து போட சொன்னாரு. சாயங்காலம் வரேன், ரெடியா வைங்க" என்றார். அக்கா பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து, குண்டானைக் கழுவப் போய்விட்டார்.